ஆறட்டும், அப்புறம் வைக்கலாம்

ஃப்ரிட்ஜ் வந்த நாளிலிருந்து நம் வீடுகளில் அதனுடன் ஒரு வாக்கியமும் குடிவந்திருக்கிறது: "நல்லா ஆறட்டும், அப்புறம் உள்ள வைக்கலாம்." மதியம் ஒரு மணிக்கு இறக்கிய கூட்டும், குக்கரில் மிஞ்சிய சாதமும், ஞாயிற்றுக்கிழமையானால் சிக்கன் குழம்பும் அடுப்பு மேடையிலேயே மூடி போட்டுக் கிடக்கும். சாப்பிட்டு, பாத்திரம் தேய்த்து, ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலக் காபி குடித்து, ராத்திரி சாப்பாட்டுக்கு அதையே இன்னொரு தடவை சுடவைத்து, அதிலும் மீந்ததை ஒன்பதரை மணிக்கு ஒரு டப்பாவுக்கு மாற்றி உள்ளே தள்ளுவோம். அப்புறம் அது மூன்று நாள் தாங்கும் என்று நம்புவோம். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். "ஃப்ரிட்ஜ்ல வச்சும் கெட்டுப்போச்சு" என்று நாம் அலுத்துக்கொள்ளும் பல நேரங்களில் அந்தச் சாப்பாடு ஃப்ரிட்ஜுக்குள் கெடவில்லை. கதவைத் திறப்பதற்கு முன்பே, மேடையின் மேல், பாதி கெட்டுவிட்டது. உள்ளே எத்தனை நாள் இருந்தது என்று விரல்விட்டு எண்ணுகிறோம். வெளியே எத்தனை மணி நேரம் கிடந்தது என்று யாரும் எண்ணுவதில்லை.

குளிர் கிருமியைக் கொல்லாது, சோம்பேறியாக்கும். இது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். 5 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான நோய்க் கிருமிகள் கிட்டத்தட்ட உறங்கிப்போகின்றன. 60 டிகிரிக்கு மேலே அவற்றால் பெருக முடியாது. நடுவில் இருக்கும் அந்த 55 டிகிரி இடைவெளிதான் அவற்றின் விளைநிலம். அதிலும் 30-க்கும் 40-க்கும் நடுவே கிடைக்கும் சூடு அவற்றுக்குப் பொன்னான சூடு. சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். முதலில் கொஞ்ச நேரம் மந்தமாகக் கிடந்தாலும், ஓட ஆரம்பித்த பிறகு ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஐந்தே மணி நேரத்தில் 32,768 ஆகிவிடும். இப்போது நம் வாக்கியத்துக்குத் திரும்புவோம். "ஆறிடுச்சு" என்று எப்படி முடிவு செய்கிறோம்? பாத்திரத்தின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்க்கிறோம். கைக்குச் சுடவில்லை என்றால் பாத்திரத்தின் சூடு நம் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில், அதாவது 37-க்குப் பக்கத்தில், வந்துவிட்டது என்று பொருள். நம் வயிற்றைப் பதம் பார்க்கும் கிருமிகளுக்கு மிகவும் பிடித்த சூடும் அதேதான். நம் கை "சரி" என்று சொல்லும் அந்தக் கணத்தில்தான் அவற்றுக்குப் பந்தி போடப்படுகிறது. அங்கிருந்து மே மாதச் சமையலறையின் 34 டிகிரியில் இன்னும் நாலு மணி நேரம் அப்படியே கிடந்தால், அதற்குப் பெயர் ஆறுவது இல்லை.

"கொதிச்ச குழம்புல ஏது கிருமி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொதியில் உயிருள்ள கிருமிகள் செத்துப்போகும் என்பது உண்மை. ஆனால் மண்ணிலிருந்து அரிசியோடும் பருப்போடும் மசாலாவோடும் வரும் சில வகைகள் வித்துகளாக மாறிக் கிடக்கக்கூடியவை. கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் அந்த வித்து 100 டிகிரிக் கொதியைத் தாண்டி வரும். சூடு இறங்கியதும் முளைக்கும். கொதி அவற்றுக்குச் செய்த ஒரே காரியம், போட்டிக்கு இருந்த மற்ற கிருமிகளைக் கொன்று வயலைக் காலி செய்து கொடுத்ததுதான். போதாததற்கு அடுப்பை அணைத்த பிறகு தூவும் கொத்தமல்லி, ருசி பார்த்துத் திரும்ப விட்ட கரண்டி, பரிமாறும்போது தொட்ட கை என்று புது விருந்தாளிகள் வேறு.

பெரிய பாத்திரம் ஏன் இத்தனை மெதுவாக ஆறுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கெட்டியான கூட்டோ சாதமோ ஆறும்போது நடுவிலுள்ள சூடு ஓரம்வரை ஊர்ந்துதான் வெளியேற வேண்டும். அப்படி ஊர்ந்து வரும் சூட்டுக்கு ஒரு கணக்கு உண்டு: ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆறங்குல ஆழத்துக்குக் குக்கரில் அமுங்கிக் கிடக்கும் சாதத்தின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதே சாதத்தைத் தாம்பாளத்தில் இரண்டங்குலத்துக்குப் பரப்பினால் சட்டென்று ஆறிவிடும். நம் கல்யாணச் சமையல்காரர்கள் புளியோதரைக்குச் சாதத்தைப் பரப்பி உதிர்ப்பது குழையாமல் இருக்கத்தான், ஆனாலும் இந்தக் கணக்கு அதில் தானாகவே நிறைவேறிவிடுகிறது. குழம்புக்கு வழி இன்னும் எளிது. அகலமான ஒரு பேசினில் குழாய்த் தண்ணீர் பிடித்து, குழம்பை எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி, தண்ணீரில் இறக்கி, மூடியைச் சாய்த்துவைத்து, இரண்டு மூன்று தடவை அடிவரை கிளறிவிட வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பானதும் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மாற்ற வேண்டும். தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கும். எவர்சில்வர் பிளாஸ்டிக்கைவிட வேகமாக அதைக் கடத்தும். பாத்திரம் தேய்த்து முடிக்கும் நேரத்துக்குள் குழம்பு உள்ளே போகத் தயாராகிவிடும். அமெரிக்காவில் ஓட்டல்களுக்கென்று ஒரு விதி இருக்கிறது: சமைத்ததை 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்தில் இறக்க வேண்டும், அடுத்த நாலு மணி நேரத்தில் 5-க்குக் கொண்டுவர வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ 21 டிகிரிக்கு எங்கே போவது? மார்கழி விடியலில் தவிர நம் சமையலறை அந்த அளவைப் பார்ப்பதே இல்லை. குளிர்தேசத்தில் மேடைமேல் ஆறவைப்பதற்குக் கொஞ்சமாவது அர்த்தம் உண்டு. நம் ஊரில் மேடை ஒருநாளும் அந்த வேலையை முடித்துக் கொடுக்காது; முடிக்க ஃப்ரிட்ஜ்தான் வேண்டும்.

அப்படியானால் சூடாகவே வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடாதா, கரண்ட் பில் ஏறாதா? இதுதான் அடிக்கடி வரும் ஆட்சேபம், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஐந்து லிட்டர் அண்டாவைத் தூக்கி உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் பால் பாக்கெட்டும் தயிரும் சூடாகும், ஆவி ஏறித் தட்டெல்லாம் வேர்க்கும், டைரக்ட் கூல் பெட்டியாக இருந்தால் அந்த ஈரம் ஃப்ரீசரில் பனியாகப் படியும். அதனால்தான் அரை மணி நேரத் தண்ணீர்க் குளியல். ஆனால் பில் பற்றிய பயத்துக்கு மட்டும் கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் குழம்பை 60-லிருந்து 35-க்கு வெளியிலேயே ஆறவிட்டால் ஃப்ரிட்ஜுக்கு மிச்சமாகும் சூடு 25 கிலோ கலோரி. மின்கணக்கில் சொன்னால் ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. சில பைசாக்கள். அந்தச் சில பைசாவை மிச்சம் பிடிக்கத்தான் நாலு மணி நேரம் குழம்பை வெளியே விடுகிறோம். அடுத்த நாள் காலையில் ஓஆர்எஸ் பாக்கெட் வாங்க மெடிக்கல் ஷாப்புக்கு ஆள் அனுப்புகிறோம். கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். ஓடுவதற்காகத்தானே அதை வாங்கி வைத்திருக்கிறோம்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் பலமானது: "சாப்பிடறதுக்கு முன்னாடி கொதிக்க வச்சிட்டா போச்சு." சாதத்தில் இந்த நம்பிக்கை உடைகிறது. பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. அரிசியோடு வரும், வித்தாக வேகுதலைத் தாண்டும், வெதுவெதுப்பில் முளைத்து ஒரு நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சுக்குச் செரியூலைடு என்று பெயர். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது சிதையாது. அதாவது குக்கரில் போட்டு எத்தனை விசில் விட்டாலும் நஞ்சு அப்படியே இருக்கும். சுடவைத்தால் கிருமி சாகும், அது கக்கி வைத்தது சாகாது. 1971 தொடங்கிப் பிரிட்டனில் இது ஒரு மர்மம்போல வெளிப்பட்டது. சீன உணவகங்களில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்திலேயே வாந்தி எடுத்தார்கள். துருவிப் பார்த்தால், வேகவைத்த சாதத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டி கட்டியாகிவிடும் என்று ராத்திரி முழுக்க வெளியிலேயே விட்டு, மறுநாள் முட்டை போட்டு வறுத்திருக்கிறார்கள். கொதிக்கும் எண்ணெயில் பிரட்டியும் பலனில்லை. நம் வீட்டில் மீந்த சாதத்தைக் காலையில் எலுமிச்சை சாதமாகவோ முட்டை சாதமாகவோ மாற்றுவதும் அதே வேலைதான், அந்தச் சாதம் ராத்திரி எங்கே இருந்தது என்பதைப் பொறுத்து. மீனிலும் இப்படி ஒன்று உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். மீன் அலர்ஜி என்று நினைத்துக்கொள்வோம். பொரித்தாலும் உறையவைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. மீனை வாங்கிக்கொண்டு வழியில் நாலு வேலையை முடித்து வீட்டுக்கு வருவதைவிட, நாலு வேலையையும் முடித்துவிட்டு மீன் வாங்கப் போவது நல்லது.

மூக்கை நம்புகிறவர்களும் உண்டு. "மோந்து பார்த்தா தெரிஞ்சிடும்." மோந்து பார்த்தால் தெரிவது வேறு கூட்டம். நாற்றத்தையும் நூலையும் நுரையையும் கிளப்புபவை சாப்பாட்டைக் கெடுக்கும் நுண்ணுயிரிகள்; மனிதனைக் கெடுக்கும் கிருமிகள் பெரும்பாலும் வாசனையே காட்டாமல் வேலையை முடிக்கும். ஊசிப்போன பருப்பை மூக்கு பிடித்துவிடும், அதைக் கொட்டியும்விடுவோம். ஊசாத சாதத்தில் உள்ள நஞ்சு மூக்குக்கு எட்டாது. மூக்கு "கொட்டு" என்றால் கேட்டுக்கொள்ளலாம், "சாப்பிடு" என்றால் அதன் பேச்சை எடுத்துக்கொள்ளக் கூடாது. "இத்தனை வருஷமா இப்படித்தான் செய்யறோம், ஒண்ணும் ஆகலையே" என்பதும் இதன் உடன்பிறப்புதான். ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? திங்கட்கிழமை வயிற்றுப்போக்குக்கு ஞாயிறு சாயங்காலம் வெளியே சாப்பிட்ட பஜ்ஜியைத்தான் குற்றம் சொல்கிறோம். மேடைமேல் இருந்த குழம்பை விசாரணைக்கே அழைப்பதில்லை. திடமானவர்களுக்கு அரை நாள் அவதியோடு போய்விடும். கைக்குழந்தை, கர்ப்பிணி, எழுபது வயதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி, கீமோ எடுப்பவர் வீட்டில் இருந்தால் கணக்கு வேறு. லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலேயே மெல்ல வளரக்கூடியது, கருவைக் கலைக்கும் அளவுக்குக் கொடியது. இவர்கள் இருக்கும் வீட்டில் நறுக்கிவைத்த பழம், காய்ச்சாத பால், நாலு நாள் பழைய மிச்சம் எதற்கும் சலுகை கூடாது.

இப்போது பெரிய ஆட்சேபம். "பாட்டி காலத்துல ஃப்ரிட்ஜா இருந்துச்சு? அவங்க நல்லாத்தானே இருந்தாங்க." இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இதற்குள்தான் நிஜமான பாடம் இருக்கிறது. குளிர் நம் ஊருக்குத் தாமதமாக வந்த விருந்தாளி. மெரினா எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் அறுத்துக் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியை வைக்க 1842-இல் கட்டப்பட்டது. அதுவும் வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சொகுசுக்குத்தான் பெரும்பாலும் போனது. மற்ற வீடுகள் குளிர் இல்லாமல் சமாளித்தன. எப்படி? எந்தச் சாப்பாடு எத்தனை நேரம் நிற்கும் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். தேங்காய்ச் சட்னி அந்த வேளைக்கு மட்டும். பருப்பும் கூட்டும் பொரியலும் அந்தப் பொழுதுக்கு. புளி சுண்டக் காய்ச்சிய வத்தக்குழம்பு மறுநாளைக்கும் நிற்கும், நல்லெண்ணெய் மிதக்கும் புளிக்காய்ச்சல் பல நாளைக்கு வரும், ஊறுகாய் வருஷத்துக்கு. மீன் குழம்பு மறுநாள் ருசி என்பதும் புளியின் தயவுதான். பயணத்துக்குக் கட்டிக் கொடுத்தது புளியோதரையும் தயிர் சாதமும். பொங்கலும் தேங்காய் சாதமும் கட்டிக் கொடுக்க மாட்டார்கள். மீந்த சோற்றை வெறுமனே விடாமல் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் சூட்டைச் சட்டென்று இழுத்தது, உள்ளே லாக்டிக் அமிலக் கிருமிகள் முந்திக்கொண்டு புளிக்கவைத்தன, விடிந்ததும் அதைத் தீர்த்தும்விட்டார்கள். அதாவது அவர்களிடம் புளிப்பு, உப்பு, எண்ணெய், வறட்சி, திரும்பத் திரும்பக் கொதி என்று ஐந்து காவலர்கள் இருந்தார்கள். நன்றாகப் புளித்த இட்லி மாவு வெளியே ஒரு ராத்திரி இருந்தும் நம்மை ஒன்றும் செய்யாததற்கும் அந்த அமிலம்தான் காரணம். ஃப்ரிட்ஜ் வந்ததும் நாம் செய்தது என்ன? ஐந்து காவலர்களுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு, தேங்காய்ச் சட்னியையும் ஊறுகாயையும் ஒரே தட்டில் உட்காரவைத்து, இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்க ஆரம்பித்தோம். பாட்டி பருப்பை ராத்திரிவரை மேடையில் விட்டிருந்தால் மறுநாளைக்கு எடுத்து வைத்திருக்க மாட்டாள். நாம் விட்டுவிட்டு, அப்புறம் உள்ளேயும் வைக்கிறோம். அவளுடைய முறையும் இல்லை, இயந்திரத்தின் முறையும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம்.

"ஃப்ரிட்ஜ்ல வச்சா விஷம்" என்று வாட்ஸாப்பில் சுற்றும் செய்திகள் இந்தப் பள்ளத்தை இன்னும் ஆழமாக்குகின்றன. அன்றன்றைக்குச் சமைத்து அன்றன்றைக்கே தீர்ப்பது சிறந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்து யாரும் அளவாகச் சமைக்க ஆரம்பித்ததாகத் தெரியவில்லை. மீந்ததை உள்ளே வைக்காமல் வெளியே வைக்கிறார்கள். விஷத்துக்குப் பயந்து விஷத்துக்கே இடம் கொடுப்பது என்பது இதுதான்.

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் பள்ளிக்கூட டிபன் பாக்ஸை என்ன செய்வது? காலை ஏழுக்குக் கட்டி, பன்னிரண்டரைக்குத் திறக்கிறார்கள். விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் தமிழ்நாட்டில் ஒரு குழந்தையும் மதியம் சாப்பிட முடியாது. ஆஸ்திரேலியாவில் பின்பற்றும் கணக்கு இங்கே கொஞ்சம் உதவும்: மொத்தமாக வெளியே இருந்த நேரம் இரண்டு மணிக்குள் என்றால் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்கலாம், இரண்டிலிருந்து நாலுக்குள் என்றால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும், நாலைத் தாண்டினால் கொட்ட வேண்டும். "மொத்தமாக" என்பதுதான் இதில் உயிர். மதியம் ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம், மறுநாள் இன்னொரு மணி நேரம் என்று எடுத்து எடுத்து வைத்தால் மூன்றும் கூட்டலில் சேரும். ஃப்ரிட்ஜ் பழைய கணக்கை அழிப்பதில்லை. டிபன் பாக்ஸ் ஐந்தரை மணி நேரம் என்பது உண்மையிலேயே எல்லையைத் தாண்டியதுதான், மழுப்ப விரும்பவில்லை. அதனால்தான் அதற்குள் என்ன போகிறது என்பது முக்கியமாகிறது. அப்போது சமைத்தது, உலர்ந்தது, புளிப்புள்ளது என்றால் ஆபத்து சிறிது: மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, புளி சாதம், எலுமிச்சை சாதம், சப்பாத்தி. நேற்றைய சிக்கனும், மீந்த சாதத்தில் செய்த முட்டை சாதமும், தேங்காய் அரைத்த குழம்பும் அந்தப் பெட்டிக்கு ஆகாது.

சரி, உள்ளே வைத்தாயிற்று. உள்ளே நிஜமாகவே குளிராக இருக்கிறதா? பெரும்பாலான பெட்டிகளில் ஒன்றிலிருந்து ஐந்தோ ஏழோ வரை எண் போட்ட ஒரு திருகு இருக்கும். அந்த எண் டிகிரி இல்லை. எண் ஏற ஏறக் குளிர் கூடும் என்பது மட்டும்தான் அதன் பொருள். பில்லுக்குப் பயந்து ஒன்றில் வைத்துவிட்டு, சித்திரை வெயிலிலும் அங்கேயே விட்டிருக்கும் வீடுகள் ஏராளம். சில நூறு ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு, நடுத்தட்டில் ராத்திரி வைத்து, காலையில் முதல் தடவை கதவைத் திறக்கும்போது பார்க்க வேண்டும். காற்றில் தொங்கவிட்டால் கதவு திறந்ததுமே முள் ஓடிவிடும். தண்ணீரின் சூடுதான் சாப்பாட்டின் சூட்டைச் சொல்லும். 4 காட்டினால் நல்லது. 8 காட்டினால் உங்களிடம் இருப்பது ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரு அலமாரி. எண்ணை ஏற்றிப் பார்க்கலாம். அதற்கு முன் உள்ளே காற்று ஓட வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துணிக்கடைப் பையில் சுற்றிய கீரை, மூன்று பை கறிவேப்பிலை, யாரோ கொண்டுவந்த அல்வா டப்பா என்று பின்சுவர்வரை அடைத்திருந்தால் குளிர் எந்த வழியாகப் போகும்? வெங்காயம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம் இவற்றுக்கெல்லாம் உள்ளே வேலையே இல்லை. வெங்காயம் நமுத்துப்போகும், பழம் கறுக்கும். அவற்றை வெளியே அனுப்பினாலே பாதி நெரிசல் தீரும். கதவுப்பக்கம் இருப்பதிலேயே சூடான இடம்; அங்கே ஊறுகாய், சாஸ், தண்ணீர் பாட்டில் போதும். பால் பாக்கெட்டை ஃப்ரீசருக்குக் கீழே உள்ள தட்டில் வைக்கும் நம் பழக்கம் சரியானது. பச்சைக் கோழியையும் அதே தட்டில் பாலிதீன் பையோடு வைக்கும் பழக்கம் சரியில்லை. பையில் ஒரு ஊசி ஓட்டை போதும், அதன் சாறு கீழே உள்ள தக்காளியில் சொட்டும். தக்காளியை நாம் வேகவைக்காமல் சாலட்டில் போடுவோம். கோழிக்கும் மீனுக்கும் ஓரம் உயர்ந்த ஒரு பாத்திரம், இருப்பதிலேயே அடித்தட்டு.

பராமரிப்பில் இரண்டு விஷயம் போதும் என்று நினைக்கிறேன். கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நாலு பக்கமும் பார்க்க வேண்டும். பல சமயம் ரப்பர் மடிப்பில் படிந்த பிசுக்கைச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் துடைத்தாலே சரியாகிவிடும். இரண்டாவது, ஃப்ரீசரில் படியும் பனி. கனமாகப் படிந்தால் அது குளிருக்கு நடுவே போர்வையாக நிற்கும். அரை சென்டிமீட்டர் ஆனதுமே டிஃப்ராஸ்ட் செய்துவிட வேண்டும். கத்தியாலோ திருப்புளியாலோ கொத்தக் கூடாது. அந்தத் தகட்டுக்குள் ஓடுவது மெல்லிய குழாய். குத்தினால் கேஸ் போய்விடும், இப்போதைய பெட்டிகள் பலவற்றில் அந்த கேஸ் தீப்பிடிக்கக்கூடிய ஐசோபியூட்டேன். மெக்கானிக்குகளிடம் கேட்டால் கத்திக்குத்து கேஸ் எத்தனை பார்த்தோம் என்று சொல்வார்கள்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு வருகிறேன். நேரத்தோடு உள்ளே போன சாதமும் குழம்பும் மூன்று நாள், மிஞ்சிப்போனால் நாலு. தேங்காய்ச் சட்னி மறுநாளோடு சரி. மேடையில் ஐந்து மணி நேரம் கிடந்து உள்ளே போனதற்கு நாள் கணக்கே கிடையாது. "கொட்ட மனசு வரலையே" என்பது இதற்கு வரும் கடைசி ஆட்சேபம், அதை நான் மதிக்கிறேன். சோற்றைக் கொட்டுவது நம்மில் பலருக்குப் பாவம். ஆனால் நாம் மனசு வராமல் தள்ளிப்போடும் நாள்தான் தப்பு. முதல் நாள் யாரும் ஃப்ரீசரை நினைப்பதில்லை. நாலாவது நாள், இனி தாங்காது என்று தெரிந்த பிறகு, தூக்கி ஃப்ரீசரில் போடுகிறோம். மைனஸ் 18-இல் உறையும் கிருமி சாவதில்லை, காத்திருக்கும்; நாலாம் நாள் உறையவைத்தது வெளியே வரும்போதும் நாலாம் நாளாகத்தான் வரும். ஞாயிறு மதியமே, இது நாளைக்குத் தீராது என்று தெரிந்ததும், ஒருவேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து அப்போதே உறையவைத்தால் கொட்டவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். எடுக்கும்போது முதல் நாள் ராத்திரியே கீழ்த்தட்டுக்கு இறக்க வேண்டும். காலையில் சிங்க் ஓரத்தில் உருகவிட்டால் உள்ளே பாறையாகவும் வெளிப்புறம் 34 டிகிரியாகவும் மறுபடி அதே மேடைக் கதை. டப்பாவின் மேல் ஒரு துண்டு டேப்பில் தேதி எழுதி ஒட்டுவது மட்டும் ஏனோ நம் வீடுகளில் பிடிக்காத வேலையாக இருக்கிறது. கெமிஸ்ட்ரி லேப் மாதிரி இருக்கிறதாம்.

கரண்ட் போனால் இந்த ஏற்பாடெல்லாம் ஒரு நாளில் கலைந்துவிடும். கதவைத் திறக்காமல் விட்டால் ஃப்ரிட்ஜ் ஏறக்குறைய நாலு மணி நேரம் குளிரைத் தாங்கும். நிரம்பிய தனி ஃப்ரீசர் இரண்டு நாள்வரை தாங்கும் என்று சொல்வது, நம் ஒற்றைக் கதவுப் பெட்டியின் மெல்லிய ஃப்ளாப் போட்ட ஐஸ் அறைக்குப் பொருந்தாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வீட்டை விட்டு வெளியேறியவர்கள் திரும்பி வந்தபோது பெட்டிக்குள் வெளிச்சமும் குளிரும் வந்திருக்கும், ஆனால் நடுவே எத்தனை மணி நேரம் அது அணைந்து கிடந்தது என்று பெட்டி சொல்லாது. உருகிய கறி மறுபடி உறைந்து முன்போலவே கல்லாக இருக்கும். இதற்கு ஒரு எளிய சாட்சி வைக்கலாம். புயல் எச்சரிக்கை வந்ததும் ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். திரும்பி வந்து பார்க்கும்போது காசு மேலேயே இருந்தால் சாப்பாடு உருகவில்லை. நடுவில் பனிக்குள் சிக்கியிருந்தால் பாதி உருகி உறைந்திருக்கிறது, அடியில் கிடந்தால் முழுக்க உருகியிருக்கிறது. அடியில் கிடந்த வீட்டில் கறியை மோந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.